வட்டம் விழாத தட்டு

இரவு இரண்டு பத்துக்குப் பெட்டி கூவியது.
மூன்றாம் வரிசை, ஏழாவது குழி.
பதினோரு மணி நேரத்துக்குள் விளைந்துவிட்டது.
சீக்கிரம் விளைவது நல்லதில்லை,
இந்த அறையில் மட்டும்.

சீட்டில்: பரமேஸ்வரன் த/பெ நல்லையா, வயது ஐம்பத்து மூன்று.
தீவிரப் பிரிவு, கட்டில் நான்கு.
நான் அவரைப் பார்த்ததில்லை.
அவருடைய இரத்தத்தில் எட்டு மில்லி
என்னைப் பார்க்க வந்திருக்கிறது.

சில்லில் தடவிக் காயவைத்து
ஊதா, அயோடின், ஸ்பிரிட், சிவப்பு.
நுண்ணோக்கிக்குள் இளஞ்சிவப்புக் குச்சிகள்,
யாரோ தீப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டதுபோல.
வார்டுக்கு அழைத்தேன். ஹஸ்லிண்டா எடுத்தாள்.
நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து திருப்பிச் சொன்னாள்,
அது விதி.
பிறகு விதியில் இல்லாத ஒன்று:
"காக், நல்ல குச்சியா, கெட்ட குச்சியா?"
"நாளைக்குத் தெரியும்."

மறுநாள் மாலை அகாரில் முளைத்திருந்தன,
பருத்து, பளபளத்து, நனைந்த ரோஜா நிறத்தில்.
கம்பியால் தொட்டு உயர்த்தினால்
விரற்கடை நீளம் இழுபடுகிறது.
தீபாவளிக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள்
கம்பிப் பதம் என்று அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார்கள்.
எனக்கு இறக்கி வைக்க வழியில்லை.

இன்னொரு தட்டில் சமமாய்ப் பூசி
ஆறு மருந்து வில்லைகள் வைத்திருந்தேன்.
மருந்து வெல்லும் இடத்தில் வட்டம் விழும்.
வட்டத்தை அளந்து மில்லிமீட்டர் எழுதுவது என் வேலை.
அன்று அளவுகோலை எடுக்கவே இல்லை.
வில்லையின் விளிம்புவரை புல்.
மெரோபெனத்தின் மேல் சாய்ந்துகொண்டே வளர்ந்திருந்தது,
மதிலில் முதுகு கொடுத்துப் பேப்பர் படிப்பவன்போல.

புத்தகம் இதை எதிர்ப்பு என்கிறது.
கோபம் எதையும் நான் அதில் பார்க்கவில்லை.
எங்கோ ஒரு குழாய் நுனியில், ஒரு கட்டில் கைப்பிடியில்,
பக்கத்தில் நின்ற ஏதோ ஒன்று
ஒரு சாவியை நீட்டியிருக்கிறது.
உறவில்லை, சாதியில்லை, த/பெ கேட்கவில்லை.
இது வாங்கிக்கொண்டு, நகலெடுத்து,
அடுத்ததற்கு நீட்டியிருக்கிறது.
மனிதர்கள் செய்தால் தருமம் என்போம்.

ஏழு மணிக்குச் சன்னலில் ஒரு பெண்.
மாதிரி வாங்கும் சன்னல், உறவினர்கள் வருவதில்லை.
தோளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் பை,
பட்டர்வொர்த் ஃபெர்ரிக் காற்று இன்னும் முடியில்.
"கட்டில் நாலு. இரத்தத்துல என்னமோன்னாங்க.
இங்கதான் வச்சிருக்கீங்களாமே.
பார்க்கலாமா?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
"டாக்டர் லிம் சொல்வாங்க" என்றேன்.
"கால்ல புண்ணுன்னுதான் வந்தாரு" என்றாள்.
"நடந்துதான் வந்தாரு."
அதையே இன்னொரு முறை சொன்னாள்,
முதல் முறை நான் எழுதிக்கொள்ளாததைக் கவனித்தவள்போல.

கொலிஸ்டின் மட்டும் மிச்சம்.
பழைய மருந்து, கூலியாகச் சிறுநீரகத்தைக் கேட்கும்.
சின்னச் சின்னக் குழிகளில் நீர்த்து நீர்த்து ஊற்றி
இரவு முழுக்க விட்டுவைத்தேன்.
அடுத்த நாள் மதியம் இரண்டாம் குழியிலேயே தெளிந்திருந்தது,
மழை ஓய்ந்த வாய்க்கால்போல.
ஓடிப்போய் போனை எடுத்தேன்.
ஹஸ்லிண்டா இந்த முறை திருப்பிச் சொல்லவில்லை.
"கட்டில் நாலு காலி, காக். காலையிலேயே."

அறிக்கையை முடித்தாக வேண்டும், முடித்தேன்.
வேலை செய்யும் மருந்து: ஒன்று.

விதிப்படி கிருமியைச் சேமிக்க வேண்டும்.
கிளிசரால் கலந்த சுண்டுவிரல் குழாய்,
பூச்சியத்துக்குக் கீழே எண்பது டிகிரி.
எண் மட்டும்தான், பெயர் எழுதுவதில்லை.
அங்கே அதற்குப் பசிக்காது.
பத்தாண்டு கழித்து யாராவது எடுத்து
முப்பத்தேழு டிகிரி காட்டினால்,
ஒரு மனிதனின் சூடு, அவ்வளவுதான்,
மறுபடி தொடங்கும்
அவர் விட்ட இடத்திலிருந்து.

உறைபெட்டியின் கதவு சரியாக ஒட்டுவதில்லை.
தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது.